செரி, வா சாமி

குஞ்சுகள் கத்தவில்லை. சித்ராவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் பகல் பதினொரு மணிக்குக் கத்தாமல் இருப்பது என்று எதுவுமே கிடையாது. கரும்புச்சாறு மெஷின் சலங்கையைக் குலுக்கிக்கொண்டிருந்தது, சேலம் போகிற பஸ் நிற்பதா போவதா என்று முடிவு செய்யாமல் உறுமிக்கொண்டிருந்தது, வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் ஜன்னல் ஜன்னலாகக் கையை நீட்டிக் கூவிக்கொண்டு போனாள். இத்தனைக்கும் நடுவில், எதிர் பெஞ்சில் ஓர் அட்டைப்பெட்டி நிறையச் சாயம் போட்ட கோழிக்குஞ்சுகள். பச்சை, ஊதா, ரோஸ், மஞ்சள். பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஒற்றைக் குஞ்சு பெட்டியில் இருந்தாலே கீச்கீச்சென்று காதைத் துளைத்துவிடும். இவை வாயைத் திறந்து திறந்து மூடின. சத்தம் மட்டும் வரவில்லை.

அடுத்த பெஞ்சில் நடப்பதைப் பார்க்காமல் இருப்பது சித்ராவுக்கு ஆகாத காரியம். மல்லசமுத்திரத்தில் அவள் தெருவில் எந்த வீட்டு வாசலில் எந்த பைக் எத்தனை மணிக்கு நின்றது என்று தெரிய வேண்டுமானால் அவளைத்தான் கேட்க வேண்டும், பைக்குக்குச் சொந்தக்காரனே மறந்திருந்தாலும். அன்றைக்கு அவள் வந்தது நெய் வாங்க. மகள் வெண்ணிலா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ராசிபுரத்து நெய்யைத் தவிர வேறு நெய்யை மகள் இலையில் ஊற்றச் சித்ராவுக்கு மனசு வராது. நெய் டின்னை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் வரும்வரை கண்ணை மேயவிட்டாள்.

அட்டைப்பெட்டி ஒரு பெண் குழந்தையின் மடியில் இருந்தது. ஐந்து வயது, மிஞ்சினால் ஆறு. எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை, மஞ்சள் கவுன். இரண்டு பக்கமும் அப்பனும் அம்மாவும், கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள் போல. அவளுக்குப் பட்டுச்சேலை, தலை கொள்ளாத மல்லி. அவனுக்கு மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. நாக்கு வறண்டு போகிற அந்த வெயிலில் மூன்று பேர் நெற்றியிலும் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

குழந்தை ஒரு குஞ்சை எடுத்தது. பெருவிரலாலும் இரண்டு விரலாலும் அதன் இறக்கையை விசிறி போல விரித்தது. ஒரு பார்வை. தோளுக்குப் பின்னால் வீசியது. அடுத்தது. விரித்தது, பார்த்தது, வீசியது. பெஞ்சுக்குப் பின்னால் பஸ்கள் திரும்புகிற இடம். தாரின் மேல் விழுந்த பச்சைக் குஞ்சு ஒன்று தள்ளாடி எழுந்து நிற்கப் பார்த்தது. திருச்செங்கோடு பஸ் பின்னால் வந்து, அவசரமே இல்லாமல், அதன் மேல் ஏறி இறங்கியது.

சித்ரா நெய் டின்னை இறுக்கிப் பிடித்தாள். செத்த குஞ்சுக்காக மட்டும் அல்ல. அந்த மூன்று விரல். அப்படி விரிப்பது, அப்படிப் பார்ப்பது, பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பாமலே வீசுவது, எல்லாம் அவளுடையது.

நாமக்கல் பக்கம் குஞ்சு பொரிக்கிற ஒரு ஹேச்சரியில் பதினெட்டு வருடம் அவள் பார்த்த வேலை அதுதான். பொரித்த குஞ்சுகள் டிரே டிரேயாக முன்னால் வரும். இறக்கையை விரித்தால் தெரிந்துவிடும். நுனி இறகுகள் ஒன்று நீளம் ஒன்று குட்டையாக இருந்தால் பெண். முட்டை போடும், பெட்டிக்குப் போகும். எல்லாம் ஒரே மட்டமாக இருந்தால் ஆண். எதற்கும் ஆகாது, முதுகுக்குப் பின்னால் நிற்கிற நீல டிரம்முக்குப் போகும். மணிக்கு இரண்டாயிரம் குஞ்சு. கை ஒருபக்கம் ஓட, வாய் தன்பாட்டுக்கு “ஆணு, பொண்ணு, ஆணு” என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பதினெட்டு வருடத்தில் தான் சொன்னது ஒன்றுகூடத் தப்பியதில்லை என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். டிரம்மைப் பற்றி மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அப்போதெல்லாம் எட்டிப் பார்க்காத இரக்கம், வேலையை விட்டு இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்த பிறகு, பொழுது போகாத நேரமாகப் பார்த்து வந்து சேர்ந்திருந்தது.

எழுந்து போனாள். போகாமல் இருந்தால் அவள் சித்ராவே இல்லை.

“ஏனுங்க, புள்ள பண்றதப் பாக்கறீங்களா இல்லீங்களா?”

“பாக்கறோமுங்க,” என்றாள் அம்மாக்காரி. சிரித்த முகம். “நல்லாப் பண்றாளுங்களா?”

பக்கத்தில் போனதும் மல்லி வாசம் முகத்தில் மோதியது. அதற்கு அடியில் இன்னொரு வாசம். கதகதப்பாக, ஈரமாக, உடைந்த முட்டை ஓடும் மருந்துத் தண்ணீரும் கலந்தது. சித்ராவுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும் அது என்ன வாசம் என்று. இரண்டு வருடமாக எத்தனை சோப்புப் போட்டும் தன் கையிலிருந்து போகவில்லை என்று அவள் சந்தேகப்படுகிற வாசம்.

“வாயில்லாச் சீவனுங்க அது. பஸ்ஸுக்கு அடியில தூக்கி வீசுது, நீங்க பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறீங்க. இது வெளையாட்டுங்களா?”

“வெளையாடலீங்க,” என்றான் அப்பன்காரன், எதிரே எங்கேயோ பார்த்தபடி. “பழகறா.”

டீக்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. “அக்கோவ், உங்க ஊட்டுல ஞாயித்துக்கெழம பருப்புக் கொழம்புங்களா?” நாலு பேர் சிரித்தார்கள். சித்ராவுக்குக் காது சுட்டது. “உன்ற வடையத் தின்னுட்டுப் போப்பா” என்று அந்தப் பக்கம் ஒன்றை விட்டெறிந்துவிட்டுத் திரும்பினால், குழந்தை கடைசிக் குஞ்சை, ரோஸ் கலர்க் குஞ்சை, அவள் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது.

“ஆணா? பொண்ணா?”

சத்தியமாக வேறு ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் கை போய்விட்டது. மூன்று விரல், விசிறி, ஒரு பார்வை.

“ஆணு.”

குழந்தை தலையை ஆட்டியது, சரியாகப் பதில் சொன்ன பிள்ளைக்கு டீச்சர் ஆட்டுவது போல. குஞ்சை வாங்கி, வீசுவதற்குக் கையை ஓங்கியது. அப்போதுதான் சித்ரா பாய்ந்து பறித்தாள். பறித்து, நெய் டின்னோடு பைக்குள் போட்டுக்கொண்டு திட்டித் தீர்த்தாள். பெத்து உட்டாப் போதுமா, வளத்த வேண்டாமா, பட்டுச்சேலை கட்டுனா ஆச்சா என்று என்னென்னவோ. யாருக்கும் கோபம் வரவில்லை. குழந்தை அழவும் இல்லை. பறிபோன குஞ்சை அது தேடவில்லை. சித்ராவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

மல்லசமுத்திரம் பஸ் வந்தது. படியில் கால் வைத்தபோது, பின்னால் குழந்தையின் குரல் கேட்டது.

“வாரேன்.”

“செரி, வா சாமி,” என்றாள் சித்ரா.

அவ்வளவு திட்டிய வாயால்தான். வேறு என்ன செய்யும், பழகிய வாய். கிளம்புகிறவர் யாரும் அந்தப் பக்கத்தில் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டார்கள். அது ஆகாது. ‘வாரேன்’ என்பார்கள். இருக்கிறவர்கள் ‘வா சாமி’ என்பார்கள். பெரியவரும் சாமி, பிள்ளையும் சாமி, கோயிலில் இருப்பதும் சாமி. பகையாளி வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் வாரேன் என்றால் வா என்றுதான் வரும்.

ஆண்டகளூர் கேட் தாண்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கிளம்பியவள் சித்ரா. வாரேன் என்று சொல்ல வேண்டியவள் அவள். அந்தப் பிள்ளை பெஞ்சை விட்டு அசையவே இல்லை. இருந்த இடத்தில் இருக்கிற பிள்ளை எதற்கு வாரேன் என்றது?

*

வெண்ணிலாவுக்குக் குஞ்சைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் பழைய துணியை விரித்து, குருணையும் ஒரு மூடியில் தண்ணீரும் வைத்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டுச் சின்னாயி எட்டிப் பார்த்தாள். சித்ரா ஊரைப் பார்ப்பாள் என்றால், சித்ராவைப் பார்க்கிற வேலை சின்னாயிக்கு.

“ஏஞ் சித்ரா, லட்சம் குஞ்சப் பாத்த கைதான? மக வயித்துல ஒருக்கா வெச்சுப் பாத்து ஆணா பொண்ணான்னு சொல்லிப்போட்டீன்னா, இப்பவே பேர யோசிக்கலாமல்லோ?”

“சும்மா இருங்கக்கா,” என்றாள் சித்ரா. வழக்கமாக இதற்கு அவளிடம் நாலு பதில் இருக்கும். அன்றைக்குக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள்.

குஞ்சு தின்னவில்லை. குடிக்கவில்லை. கத்தவும் இல்லை. பெட்டியின் கிழக்கு ஓரத்தில் அட்டைச் சுவரைப் பார்த்து நின்றது. பாவம், பயந்திருக்கிறது என்று சித்ரா பெட்டியைத் திருப்பி வைத்தாள். குஞ்சு, கால் மாற்றி மாற்றி, மெதுவாகத் திரும்பி மறுபடியும் கிழக்கே நின்றது. இன்னொரு முறை திருப்பினாள். இன்னொரு முறை திரும்பியது. ஆறேழு தடவை இப்படி இரண்டு பேரும் விளையாடினார்கள். அதில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கிழக்கே என்ன இருக்கிறது? சமையல்கட்டுச் சுவர். அதற்கு அப்பால் சின்னாயியின் மாட்டுக் கொட்டகை. அதற்கும் அப்பால், தடம் முழுக்கப் போனால், ராசிபுரம்.

சாயந்தரம் புருஷனுக்குப் போன் போட்டாள். காளியப்பன் ரிக் வண்டியோடு ஒடிசாவில் எங்கேயோ போர்வெல் போட்டுக்கொண்டிருந்தான். கம்ப்ரஸர் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் விட்டுவிட்டு வந்தது.

“பதினெட்டு வருசம் டிரம்மு டிரம்மாத் தள்ளுனவ, ஒத்தக் குஞ்சுக்குப் போன் போடறயா? அது கெழக்க பாத்தா என்ன, மேக்க பாத்தா உனக்கென்ன? வெய்யி புள்ள, பைப் எறக்கறாங்க.”

வைத்தாள். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அந்த வீட்டிலும் ஒரு நீல டிரம் உண்டு. தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் விடுகிறார்கள் என்று வெண்ணிலாதான் வாங்கிப் போட்டிருந்தாள், நடுவீட்டு மூலையில். சித்ரா அதில் தண்ணீர் மொண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மொள்வாள். இரண்டாம் நாள் மத்தியானம், மகள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருக்க, மின்விசிறி காற்றை வெறுமனே கிளறிக்கொண்டிருக்க, தெருவில் ஒரு காக்கையின் சத்தம்கூட இல்லாத அந்த நேரத்தில், சித்ரா மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூடி சரியாகத்தான் இருந்தது. இருந்தும் எழுந்து போய் அழுத்தி மூடிவிட்டு வந்தாள்.

“அம்மா,” என்றாள் வெண்ணிலா. “வயித்துக்குள்ள டக்கு டக்குன்னு இருக்குதும்மா.”

“விக்கல் சாமி. கொழந்தைக்கு வர்றதுதான். நர்சம்மாவே சொன்னாங்கல்ல?”

“விக்கலாட்டம் இல்ல. நகத்துல சொரண்டறாப்பல. நீ தொட்டுப் பாரேன்.”

சித்ரா தொடவில்லை. கை ஈரம், மாவு கை, அப்புறம் பார்க்கலாம் என்று மூன்று சாக்குச் சொன்னாள். தொடாமலே அவளுக்குக் கேட்டது. டக். கொஞ்சம் இடைவெளி. டக், டக். இருபத்தோராம் நாள் விடியற்காலையில் பொரிப்பு அறைக் கதவைத் திறந்தால், ஆயிரம் முட்டைக்குள்ளிருந்து ஆயிரம் சின்ன மூக்கு ஓட்டைக் கொத்துகிற சத்தம் இப்படித்தான் இருக்கும். மின்விசிறிதான் ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டாள். சுவிட்சை அணைத்தாள்.

டக்.

*

மூன்றாம் நாள் காலையில் குஞ்சைப் பைக்குள் வைத்துக்கொண்டு ராசிபுரம் பஸ்ஸில் ஏறினாள். அவர்களைத் தேடிப் பிடித்து, குஞ்சைக் கையில் கொடுத்து, தப்பு என்னுதுதானுங்க, தெரியாமல் வா என்று சொல்லிவிட்டேன், வர வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு இருந்தவர்கள் இன்றைக்கும் அதே பெஞ்சில் இருப்பார்களா என்று கேட்டால் பதில் இல்லை. இருப்பார்கள் என்றுதான் வயிறு சொன்னது. கிளம்பும்போது மகளிடம் கதவைத் தாழ் போட்டுக்கொள்ளச் சொன்னாள், யார் வந்தாலும் திறக்காதே என்றாள், சின்னாயியிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னாள். சின்னாயிக்கு அதைச் சொல்லவே தேவையில்லை.

பைக்குள் குஞ்சு முன்பக்கம் பார்த்து நின்றது. கிழக்கே. பஸ் குலுங்கினாலும், வளைந்தாலும், கிழக்கே.

மரவள்ளிக் காடுகளுக்கு நடுவில் ரோடு நேராக ஓடுகிற இடம். எதிரே ஒரு பஸ் வந்தது. சித்ரா பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். குஞ்சின் தலை அசைந்தது. முன்னால் இருந்து வலப்பக்கம். வலப்பக்கம் இருந்து, கால் மாற்றி மாற்றி, பின்னால்.

நிமிர்ந்தாள். எதிர் பஸ் உரசுவது போலக் கடந்தது. ஜன்னல்கள். ஜன்னல்கள். ஒரு ஜன்னலில் மஞ்சள்.

“நிறுத்துங்க! ஏனுங்க, வண்டிய நிறுத்துங்க!”

“இங்கெல்லாம் ஸ்டாப்பு இல்லீங்கக்கா,” என்றான் கண்டக்டர்.

அவள் போட்ட சத்தத்தில் ஸ்டாப் உண்டானது. இறங்கினாள். பஸ் போனதும் ரோட்டில் அவளும் வெயிலும் மட்டும். வீட்டுப் பக்கம் நடந்தாள், ஓடினாள், செருப்பு அறுந்து அதை விட்டுவிட்டு ஓடினாள். தார் உள்ளங்காலைச் சுட்டது. மகளுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை. கையைக் குறுக்கே நீட்டி ஒரு முட்டை வண்டியை நிறுத்தி, கேட்காமலே ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் வயசானவர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மூன்றாவது தடவை போன் எடுக்கப்பட்டது.

“கண்ணு, கதவச் சாத்தியிருக்கறயா?”

“சாத்தித்தாம்மா இருந்தேன். விருந்தாளிங்க வந்திருக்காங்க. நீ எங்கிருக்கற?”

“என்ன விருந்தாளி?”

“ஒரு பாப்பாம்மா. அப்பா அம்மாவோட. நீதான் வரச்சொன்னயாமே.”

“நாஞ் சொல்லுல! வெளிய அனுப்பு. இப்பவே. நீ வெளிய வா, சின்னாயிக்கா ஊட்டுக்கு ஓடு!”

“சின்னாயிக்காதாம்மா கூட்டிக்கிட்டு வந்து உட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல செரி வா சாமின்னு சொன்னயாம். ரொம்ப நல்ல மாதிரிம்மா, பூவு குடுத்தாங்க. அம்மா, பாப்பா என்ற வயித்தத் தொட்டுப் பாக்கலாமான்னு கேக்குது.”

“வேண்டாம்னு சொல்லு. வெண்ணிலா. வேண்டாம்னு சொல்லு சாமி.”

“பழகறாளாம்மா,” என்றாள் வெண்ணிலா. குரலில் சிரிப்பு இருந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. அப்புறம் மூச்சு மட்டும் கேட்டது, வாயைத் திறந்து திறந்து மூடுகிற மூச்சு.

போன் கட்டாகவில்லை. விநாடிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

முதுகுக்குப் பின்னால், அடுக்கடுக்கான அட்டைகளில், ஆயிரக்கணக்கான முட்டைகள். டக் என்றது ஒன்று.

“ஏனுங்க, அது என்னங்க சத்தம்?”

“தடம் மோசமுங்க அம்மிணி. முட்டை ஆடுது.”

கடை முட்டையில் குஞ்சு இருக்காது. சேவலைக் கண்ணால் பார்க்காத கோழி போட்ட முட்டை அது. யாருக்குத் தெரியாவிட்டாலும் சித்ராவுக்குத் தெரியும். டக், டக். கீழ் அட்டையில். டக். மேல் அட்டையில். டக் டக் டக். மல்லசமுத்திரம் எல்லைக்குள் வண்டி நுழைந்தபோது எல்லா அட்டையிலும். டிரைவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

*

சின்னாயி வாசலிலேயே நின்றிருந்தாள்.

“விருந்தாளிய வரச்சொல்லிப்போட்டு எங்கடி போன? தங்கமான மனுசங்க. தெருவே மல்லி மணக்குது பாரு.”

சித்ரா அவளைத் தாண்டிப் போனாள். வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு. வரிசையாக. பெரிசு, பெரிசு, சின்னது. கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. தள்ளினாள்.

சூடு. வெயில் சூடு இல்லை. ஈரமான சூடு, முப்பத்தேழரை டிகிரி, அதில் பதினெட்டு வருடம் நின்ற உடம்புக்கு அளவு தெரியும். மல்லி. மல்லிக்கு அடியில் அந்த வாசம். தரையெல்லாம் தண்ணீர், வெறுங்கால் நனைந்தது.

பிளாஸ்டிக் நாற்காலிகளில் அப்பனும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். மடிப்புக் கலையாமல். வியர்க்காமல்.

“வாங்க, வாங்க,” என்றாள் அம்மாக்காரி, அவள் வீட்டுக்கு இவள் வந்தது போல. “அன்னைக்கு நீங்க வாரேன்னு சொல்லாமயே போயிட்டீங்க. பாப்பாதான் உங்களுக்கும் சேத்துச் சொன்னா.”

கட்டிலில் வெண்ணிலா. மல்லாந்து. கண் திறந்திருந்தது. அம்மாவைப் பார்த்தது. வாய் திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது.

சத்தம் வரவில்லை.

கட்டில் ஓரத்தில் மஞ்சள் கவுன். வயிற்றின் மேல் மூன்று விரல். முதுகுக்குப் பின்னால் நீல டிரம், மூலையில் இருந்து இழுத்து வரப்பட்டு, மூடி இல்லாமல், காலியாக.

“இந்தா,” சித்ரா குஞ்சை எடுத்து நீட்டினாள். “எடுத்துக்க சாமி. உன்னுதுதான். நாந்தான் தெரியாமப் புடுங்கிட்டேன். உன்ற கால்ல உழறேன், எம்புள்ளைய உட்டுரு.” விழுந்தாள். தண்ணீரில் முழங்கால் பட்டுத் தெறித்தது. “வேண்டாம். வர வேண்டாம். நான் வான்னு சொல்லுல. போ. போன்னு சொல்றேன், போ!”

பிறந்ததிலிருந்து எந்தப் பிள்ளையையும் பார்த்து அவள் சொல்லாத வார்த்தை. குழந்தைக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. குஞ்சையும் அது பார்க்கவில்லை.

குஞ்சு வயிற்றைப் பார்த்தது. மூன்று நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்து, கீச் என்றது.

உள்ளே இருந்து பதில் வந்தது.

குழந்தை சித்ராவின் மணிக்கட்டைப் பிடித்தது. சின்னக் கை. கொதிக்கிற கை. இழுக்கவில்லை, வழிகாட்டியது. சித்ராவின் மூன்று விரல் மகளின் வயிற்றில் போய் உட்கார்ந்தது.

“ஆணா? பொண்ணா?”

பொண்ணு. சித்ரா முடிவு செய்துவிட்டாள். விரலுக்கு அடியில் என்ன இருந்தாலும் சரி. பொண்ணு. பொய்யோ நிஜமோ, பொண்ணு. பெட்டிக்குப் போகட்டும். டிரம்முக்கு வேண்டாம். பொண்ணு, பொண்ணு, பொண்ணு.

தோலுக்கு அடியில் ஒன்று அசைந்தது. புரண்டது. அவள் விரல் இருந்த இடத்தைத் தேடி வந்தது. வந்து, நிதானமாக, விசிறி போல விரிந்தது.

நுனிகள். ஒவ்வொன்றாக விரலில் பட்டன.

ஒன்று நீளம் ஒன்று குட்டை இல்லை.

எல்லாம் ஒரே மட்டம்.

“சொல்லுங்க,” என்றாள் அம்மாக்காரி, நாற்காலியில் முன்னால் சாய்ந்து.

குழந்தையின் இன்னொரு கை, திரும்பிப் பார்க்காமலே, பின்னால் போய் டிரம்மின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

பொண்ணு என்று சொல்ல உதடுகள் முதலில் மூட வேண்டும். ஆணு என்பதற்குத் திறந்தால் போதும். சித்ராவின் வாய் ஏற்கெனவே திறந்திருந்தது.